வெளியில போறப்ப பவர் பேங்க்: எத்தனை தடவை ஏறும்னு நீங்களே கணக்கு போட ஒரு முழு வழிகாட்டி

மலை ஏறப் போயிருந்தோம், மூணு பேரு, ரெண்டு ராத்திரி டென்ட்ல. கையில ஒரே ஒரு 20000 எம்ஏஎச் (mAh, பேட்டரி எவ்வளவு பிடிக்கும்ங்கிற அளவு) பவர் பேங்க். போன் பேட்டரி 5000 எம்ஏஎச், அப்ப நாலு தடவை ஃபுல்லா ஏறும், ஆளுக்கு ஒண்ணு போக ஒண்ணு மிச்சம்னு மனசுக்குள்ளயே கணக்கு போட்டுட்டு தைரியமா கிளம்பியாச்சு. ரெண்டாவது நாள் சாயங்காலம், ரெண்டரை போன் ஏத்தினதுமே அதுல இருந்த நாலு லைட்டும் அணைஞ்சு போச்சு. மூணாவது ஆளோட போன் 48 சதவீதத்துல நிக்குது, அவன் என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க. போலி பவர் பேங்க்கை தலையில கட்டிட்டாங்கன்னு வர்ற வழி பூரா திட்டிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சது, பவர் பேங்க் ஒழுங்காத்தான் இருந்திருக்கு, என் கணக்குதான் தப்பு.

அந்தக் கணக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா வெளியில சார்ஜ் தீர்ந்து முழிக்கிறவங்கள்ல பாதிப் பேரு என்னை மாதிரிதான் ஏமாந்திருப்பாங்க.

படி 1: எம்ஏஎச்சை விட்டுட்டு வாட் அவரைப் பாருங்க

பவர் பேங்க் மேல பெருசா போட்டிருக்குற எம்ஏஎச், உள்ள இருக்குற லித்தியம் செல்லோட வோல்டேஜ்ல, அதாவது 3.6 இல்லன்னா 3.7 வோல்ட்ல சொல்ற கணக்கு. ஆனா யூஎஸ்பி வழியா வெளிய வர்றது 5 வோல்ட், 9 வோல்ட், அதுக்கும் மேல. 3.7ஐ 5ஆ ஏத்தும்போது எம்ஏஎச் குறைஞ்சுதானே ஆகணும். அதனால எம்ஏஎச்சை எம்ஏஎச்சால வகுக்குறதே தப்பு. ரெண்டையும் வாட் அவரா (Wh, உள்ள மொத்தம் எவ்வளவு சக்தி இருக்குங்கிற அளவு) மாத்திக்கோங்க: எம்ஏஎச்சை வோல்ட்டால பெருக்கி 1000ஆல வகுத்தா முடிஞ்சுது.

20000 எம்ஏஎச், 3.7 வோல்ட்னா 74 வாட் அவர். 10000னா 37. இது பவர் பேங்க் முதுகுல பொடி எழுத்துல அச்சடிச்சே இருக்கும், பூதக்கண்ணாடி வேணும், அவ்வளவுதான். 5000 எம்ஏஎச் போன் பேட்டரி பெரும்பாலும் 3.85 வோல்ட் கிட்ட இருக்கும், அதை 19 வாட் அவர்னு வெச்சுக்கலாம்.

இப்ப நஷ்டத்தைக் கழிங்க. பவர் பேங்க்குக்குள்ள வோல்டேஜை ஏத்துற சர்க்யூட் சூடாகுறதுலயே சுமார் 10லருந்து 15 சதவீதம் போயிரும். போனுக்குள்ள அதே கரண்டை திரும்ப பேட்டரி வோல்டேஜுக்கு இறக்குறாங்க, அங்க ஒரு 10 சதவீதம். 74ல இருந்து 63 ஆகி, 63ல இருந்து 57 ஆச்சு. 57ஐ 19ஆல வகுத்தா மூணு. அதுவும் போனை அணைச்சு வெச்சு நல்ல கேபிள்ல ஏத்தினா. நாங்க படம் பாத்துக்கிட்டே, டார்ச் அடிச்சுக்கிட்டே, நீளக் கேபிள்ல ஏத்தினோம், ரெண்டரைதான் வந்துச்சு. இதுல பவர் பேங்க் மேல ஒரு தப்பும் இல்லை.

சில பவர் பேங்க்ல ரேட்டட் கெபாசிட்டின்னு இன்னொரு நம்பரும் இருக்கும், 10000 பவர் பேங்க்ல 6000 சொச்சம்னு போட்டிருப்பான். அதுதான் 5 வோல்ட்ல உண்மையில வெளிய வர்றது, அதைப் பாத்து வாங்குறவன் ஏமாற மாட்டான். அவசரத்துக்கு மனக்கணக்குன்னா அச்சடிச்ச வாட் அவர்ல முக்கால்வாசிதான் நம்மளுதுன்னு வெச்சுக்கோங்க.

படி 2: எதெதுக்கு எவ்வளவு வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

இதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், ஆனா யாரும் செய்யறதில்லை. ஒவ்வொரு பொருளோட பேட்டரியிலயும் வாட் அவர் இருக்கும், இல்லன்னா மேல சொன்ன மாதிரி பெருக்கிக்கோங்க. தோராயமா சொல்றேன்: போன் 19, தலையில மாட்டுற ஹெட்லைட் 5, ஸ்மார்ட் வாட்ச் 1லருந்து 2, இயர்பட்ஸ் கேஸ் 2, ஆக்‌ஷன் கேமரா பேட்டரி ஒண்ணு 6லருந்து 7, மிரர்லெஸ் கேமராவோட பெரிய பேட்டரி 16 வாக்குல, லேப்டாப் 50லருந்து 70. ட்ரோன் எடுத்துட்டுப் போறவங்க அந்த பேட்டரியை எடுத்துப் படிச்சுக்கோங்க, சின்னது 10 வாக்குலயும் இருக்கும், பெருசு லேப்டாப் அளவுக்குப் போகும்.

மூணு நாள் பயணம்னு வைங்க. எல்லாமே வீட்டுல ஃபுல்லா ஏத்தித்தான் கிளம்புறோம், அதனால முதல் நாளுக்கு எதுவும் வேணாம். போன் ரெண்டு தடவை 38, ஹெட்லைட் ஒரு தடவை 5, ஆக்‌ஷன் கேமரா பேட்டரி ரெண்டு 13, வாட்ச் 2. மொத்தம் 58. முக்கால் கணக்குப்படி 58ஐ 0.75ஆல வகுத்தா 77. 20000 எம்ஏஎச் பவர் பேங்க்கோட 74 இதுக்கு நூலிழையில பத்தாது. இப்ப நீங்க ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணணும், இன்னொரு சின்ன பவர் பேங்க் தூக்கணும், இல்லன்னா போன் செலவைக் குறைக்கணும். நான் எப்பவும் ரெண்டாவதைத்தான் பண்ணுவேன், அது எப்படின்னு கீழ வருது. சுமக்குறது யாரு, நாமதானே.

படி 3: எதை வாங்குறது

ஒரு 20000 வாங்குறதை விட ரெண்டு 10000 வாங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன். கொஞ்சம் எடை கூடும், ஆனா ஒண்ணு தண்ணியில விழுந்தாலோ பழுதானாலோ இன்னொண்ணு இருக்கும், குழு ரெண்டா பிரிஞ்சு போனா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். லேப்டாப் ஏத்தணும்னா மட்டும் இது செல்லாது, அதுக்கு பெரிய பவர் பேங்க்தான்.

போலியைக் கண்டுபிடிக்க தராசு போதும். லித்தியம் செல்லுக்குள்ள ஒரு கிலோவுக்கு இவ்வளவு கரண்ட்தான் அடைக்க முடியும்னு ஒரு வரம்பு இருக்கு, நல்ல செல்லுன்னா 250 வாட் அவர் வாக்குல. அப்ப 10000 பவர் பேங்க் உறையோட சேர்த்து 180லருந்து 220 கிராம் வரும், 20000னா 350லருந்து 450. யாராவது 50000 எம்ஏஎச்னு போட்டு 300 கிராம்ல ஒண்ணை நீட்டினா, வெறும் செல்லு மட்டுமே 700 கிராமுக்கு மேல இருக்கணுமேன்னு யோசிச்சுட்டு நகர்ந்திருங்க.

அடுத்தது வாட். வாட் அவர்ங்கிறது தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குங்கிறது, வாட்ங்கிறது குழாய் எவ்வளவு பெருசுங்கிறது. போனுக்கு 18லருந்து 30 வாட் தர்ற டைப் சி பிடி (பவர் டெலிவரி, வேகமா ஏத்துற முறை) போர்ட் போதும். லேப்டாப்புக்கு 45 இல்லன்னா 65 வாட், அதுலயும் 20 வோல்ட் தர்றதான்னு பாக்கணும், பவர் பேங்க் பின்னாடி 5, 9, 15, 20னு வோல்ட் வரிசையா எழுதியிருக்கும். பழைய நீள்சதுர டைப் ஏ போர்ட்டுல பெரும்பாலான லேப்டாப் ஏறாது, டைப் சிக்கு மாத்துற கேபிள் போட்டாலும் அதே கதைதான், ஏறுற ஒண்ணு ரெண்டும் ரொம்ப மெதுவாத்தான் ஏறும். இன்னொண்ணு, 65 வாட்னு போட்டிருந்தா ஒத்தை போர்ட்டுல சொருகினா மட்டும்தான் 65, ரெண்டாவது போர்ட்டுல எதையாவது சொருகின உடனே அது பங்கு பிரிஞ்சு முதல்ல இருந்தது 45, 30னு இறங்கிரும். லேப்டாப் திடீர்னு சார்ஜ் ஏறலைன்னு சொன்னா முதல்ல பக்கத்துல சொருகி வெச்சிருக்குற இயர்பட்ஸைப் புடுங்கிப் பாருங்க.

சில போன் கம்பெனிங்க அவங்க சார்ஜர்ல மட்டும்தான் அதிவேகமா ஏறுற மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க. பவர் பேங்க்ல சொருகினா அது சாதாரண வேகத்துக்கு வந்துரும், கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேணாம்.

கார்லயே போய் தங்குறவங்க பெட்டி மாதிரி பவர் ஸ்டேஷன் வெச்சிருப்பாங்க. அதுல இப்ப நிறைய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லு வருது, கனம் ஜாஸ்தி, ஆனா ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கலாம், சூட்டுக்கும் கொஞ்சம் தாங்கும். அதுல சுவர் பிளக் போர்ட் இருக்கேன்னு அதுல போன் சார்ஜரை மாட்டாதீங்க. பேட்டரி கரண்டை ஏசியா மாத்தி, சார்ஜர் அதை மறுபடி டிசியா மாத்தி, ரெண்டு இடத்துல வீணாகும். நேரா யூஎஸ்பி போர்ட்டுல மாட்டுங்க.

படி 4: கேபிள்

இதுதான் யாரும் கண்டுக்காத சமாச்சாரம். ரெண்டு மீட்டர் நீளம், நூடுல்ஸ் மாதிரி மெலிசான கேபிள்ல 5 வோல்ட்டுல ரெண்டு ஆம்பியர் ஓட்டிப் பாருங்க, ஒரு வோல்ட்டுக்கு மேல வழியிலயே தொலைஞ்சிரும். போன் அதைப் பாத்துட்டு, ஐயோ வோல்டேஜ் இறங்குதேன்னு கரண்டைக் குறைச்சு வாங்கும். ஒன்றரை மணி நேரத்துல ஏற வேண்டியது நாலு மணி நேரம் ஆகும், அத்தனை நேரமும் பவர் பேங்க் சர்க்யூட் ஓடிக்கிட்டே இருக்கும். வெளியில போறப்ப முழங்கையளவுக்குக் கூட வேணாம், ஒரு சாண் நீளம், தடியா ஒரு கேபிள் போதும். லேப்டாப்புக்கு 60 வாட்டுக்கு மேல போகணும்னா உள்ள இ-மார்க்கர் சிப் (கேபிள் எவ்வளவு கரண்ட் தாங்கும்னு சொல்ற சிப்) இருக்குற 5 ஆம்பியர் கேபிள் வேணும், அது இல்லாத கேபிள்ல 3 ஆம்பியரோட நின்னுரும்.

பழைய ஹெட்லைட்டுக்கு மைக்ரோ யூஎஸ்பி, வாட்சுக்கு அதோட காந்த சார்ஜர்னு ஒவ்வொண்ணுக்கும் தனி கேபிள் இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ராத்திரி எல்லாப் பொருளையும் தரையில பரப்பி, அதுக்கான கேபிளை அதுமேலயே வெச்சுப் பாருங்க. வெறும் லிஸ்ட் எழுதி டிக் அடிச்சா வேலைக்கு ஆகாது, நான் டிக் அடிச்சுட்டே வாட்ச் சார்ஜரை மேஜை மேல விட்டுட்டுப் போயிருக்கேன்.

படி 5: வீட்டுலயே ஒரு டெஸ்ட்

ஒரு லீவு நாள்ல பவர் பேங்க்கை ஃபுல்லா ஏத்துங்க. போனை 20 சதவீதம் வரைக்கும் இறக்கி, அதே கேபிள்ல 80 வரைக்கும் ஏத்துங்க, மறுபடி இறக்கி மறுபடி ஏத்துங்க, பவர் பேங்க் சாகுற வரைக்கும். மொத்தம் எத்தனை சதவீதம் ஏறுச்சுன்னு கூட்டி 100ஆல வகுத்தா இந்த பவர் பேங்க் உங்க போனை எத்தனை தடவை நிரப்பும்னு தெரிஞ்சிரும். ரெண்டு மூணு நாள் ஆகும், பரவால்ல, சும்மா போற போக்குல பண்ணலாம். படி 1ல நான் போட்ட கணக்கெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி, வாங்கினதுக்கு அப்புறம் இந்த நம்பர்தான் வேதவாக்கு.

பவர் பேங்க்கே ஏறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னும் பாத்துக்கோங்க. 74 வாட் அவர் பவர் பேங்க்கை 10 வாட் சார்ஜர்ல போட்டா எட்டரை ஒன்பது மணி நேரம், 18 வாட்னா அஞ்சு மணி நேரம். வழியில சாப்பிட நிக்குற ஒரு மணி நேரத்துல ஏத்திக்கலாம்னு திட்டம் போடுறவங்க சார்ஜர் வாட்டையும், பவர் பேங்க் உள்ள எத்தனை வாட் வாங்கும்ங்கிறதையும் ரெண்டையும் பாக்கணும், எது சின்னதோ அதுதான் நடக்கும்.

படி 6: போய்ச் சேர்ந்த இடத்துல

முதல்ல செலவைக் குறைக்குற வழி. போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க. சிக்னல் இல்லாத இடத்துல போன் சும்மா இருக்காது, டவரைத் தேடி தேடி முழு சக்தியில கத்திக்கிட்டே இருக்கும், பையில சும்மா கிடந்த போன் சாயங்காலத்துக்குள்ள பாதியா இறங்குறது இதனாலதான். ஜிபிஎஸ் ஏரோபிளேன் மோடுலயும் வேலை செய்யும், அது சாட்டிலைட் சிக்னலைக் கேக்குறது மட்டும்தான், பதிலுக்கு எதையும் அனுப்புறதில்லை. மேப்பை மட்டும் வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. தகவல் சொல்லணும்னா காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம் ஆன் பண்ணுங்க. இது ஒண்ணுலயே என் போன் ஒரு நாளைக்குப் பதிலா ரெண்டு நாள் வருது.

ஏத்துறது எப்படின்னா, நடக்கும்போது பைக்குள்ள சொருகிட்டே நடக்காதீங்க. ஒவ்வொரு அடிக்கும் கேபிள் முனை போர்ட்டுக்குள்ள நெம்பிக்கிட்டே இருக்கும், நாளாக நாளாக போர்ட் லூஸ் ஆயிரும், அதுக்கப்புறம் கேபிளைக் கோணலா பிடிச்சுக்கிட்டாத்தான் ஏறும். உக்காந்து சாப்பிடும்போது, டென்ட் போடும்போதுன்னு கண் எதிர்ல வெச்சு ஏத்துங்க. 80 சதவீதம் வந்ததும் புடுங்கிருங்க. கடைசி 20 சதவீதம் போன் வேணும்னே மெதுவா வாங்கும், நேரம் ஜாஸ்தி ஆகும், அந்த நேரத்துக்கும் சேர்த்து பவர் பேங்க் தன் சொந்தச் செலவைப் பண்ணிக்கிட்டு இருக்கும். ராத்திரி சொருகிட்டுத் தூங்குறதும் அதே மாதிரி வீண்செலவு, அதுவும் தலையணைக்கு அடியில வெச்சு ஏத்துறது ஆபத்து, சூடு வெளிய போக வழியே இல்லை.

வயர்லெஸ் சார்ஜிங்கை வெளியில மறந்துருங்க. பின்னாடி காந்தம் மாதிரி ஒட்டிக்குற பவர் பேங்க் பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா கேபிள்ல போறதை விட கணிசமா வீணாகும், வீணாகுறது பூரா சூடா போன் முதுகுல ஏறும். சில மாடல்ல அதுலயே கேபிள் போர்ட்டும் இருக்கும், அதுல சொருகிக்கோங்க.

சின்னப் பொருள் ஏறாத மாயம்

ராத்திரி இயர்பட்ஸ் கேஸைச் சொருகி லைட் எரியுறதைப் பாத்துட்டுப் படுத்தேன், காலையில பாத்தா முந்தின நாள் இருந்த அதே 30 சதவீதம். ரெண்டு நாள் இப்படியே. கேபிளை மாத்திப் பாத்தேன், போர்ட்டை ஊதிப் பாத்தேன், கேஸ் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். விஷயம் என்னன்னா, வாட்ச், இயர்பட்ஸ், ஹெட்லைட் இதெல்லாம் ரொம்பக் கம்மியா கரண்ட் இழுக்கும். பவர் பேங்க் அதைப் பாத்து, யாரும் சொருகலை போலன்னு நினைச்சு அரை நிமிஷத்துலயோ ரெண்டு நிமிஷத்துலயோ தானா அணைஞ்சிரும். நிறைய பவர் பேங்க்ல இதுக்குன்னே குறைஞ்ச கரண்ட் மோடு இருக்கு, பட்டனை ரெண்டு தடவை டக்டக்னு அமுக்குறது, இல்லன்னா ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிக்குறது, ஒரு லைட் நிறம் மாறும். கூட வந்த பேப்பர்ல இருக்கும், அதை யாரு படிச்சா. அந்த மோடு இல்லாத பவர் பேங்க்னா போனையும் கூடவே இன்னொரு போர்ட்டுல சொருகுங்க, போன் இழுக்குற வரைக்கும் பவர் பேங்க் முழிச்சிருக்கும், சின்னதும் ஏறிரும்.

படி 7: குளிர், வெயில், மழை

குளிர்ல லித்தியம் செல்லு மந்தமாயிரும். உள்ள கரண்ட் இருக்கும், ஆனா வெளிய தராது. விடியக்காலையில டென்ட் மேல பனி உறைஞ்சு கிடந்த ஒரு நாள், மூணு லைட் காட்டின பவர் பேங்க் போனைச் சொருகினதுமே செத்துப் போச்சு. ஜாக்கெட்டுக்குள்ள வயித்தோட ஒட்டி அரை மணி நேரம் வெச்சிருந்துட்டு மறுபடி அமுக்கினா மூணு லைட்டும் வந்துருச்சு. ராத்திரி பவர் பேங்க், போன், கேமரா பேட்டரி எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கால் பக்கம் வெச்சுக்கோங்க, எதையும் சொருகாம.

இதுல முக்கியமான ஒண்ணு, ஜீரோ டிகிரிக்குக் கீழ எதையும் சார்ஜ் ஏத்தாதீங்க. பேட்டரி தன்கிட்ட இருக்குறதை வெளிய தர்றது மைனஸ்லயும் நடக்கும், பெரும்பாலும் மைனஸ் 20 வரைக்கும்னு போட்டிருப்பாங்க. ஆனா உள்ள ஏத்துறப்ப லித்தியம் போக வேண்டிய இடத்துக்குள்ள போகாம மேல உலோகமா படிஞ்சிரும், அது திரும்ப சரியாகாது, கெபாசிட்டி குறையும், ஷார்ட் ஆகுற ஆபத்தும் உண்டு. பவர் பேங்க் குளிர்ல இருக்கலாம், ஏறுற போன் குளிர்ல இருக்கக் கூடாது. சூடு பண்ணுறேன்னு அடுப்பு பக்கத்துல கொண்டு போற ஆளுங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அது வேணாம், உடம்புச் சூடு போதும்.

வெயில்ல கதை வேற. ஏத்துறதுக்கு 45 டிகிரி, இறக்குறதுக்கு 60 டிகிரிதான் பொதுவா மேல் வரம்பு. பூட்டின கார்ல டாஷ்போர்டு மேல கருப்புப் பவர் பேங்க் வெயில்ல கிடந்தா அந்த வரம்பை சுலபமா தாண்டிரும். நிழல்ல வைங்க, போனையும் பவர் பேங்க்கையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம தள்ளி வைங்க, போன் உறையைக் கழட்டுங்க. போன் தானா மெதுவாயிட்டா சூடுதான் காரணம்.

மழைக்கு ஐபி67னு போட்டிருக்குற பவர் பேங்க் வாங்கினேன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம்ங்கிற அந்த உத்தரவாதம் பல பவர் பேங்க்ல ரப்பர் மூடி மூடியிருக்குறப்ப மட்டும்தான், கேபிளைச் சொருகினா மூடி திறந்துதானே கிடக்கு. சாதாரண பவர் பேங்க்கே ஜிப் கவர்ல போட்டு வெச்சா போதும். போர்ட் ஈரமானா உதறிட்டு, கீழ பாக்க சாய்ச்சு வெச்சு காய விடுங்க, முழுசா காயுற வரைக்கும் சொருகாதீங்க. கடல் தண்ணின்னா இன்னும் மோசம், உப்போட கரண்ட் சேர்ந்தா போர்ட் பின்னு அரிச்சுப் போயிரும். குளிர்ல இருந்து சூடான அறைக்குள்ள வந்த உடனேயும் ஏத்தாதீங்க, மேல வேர்த்து நீர் கட்டும், கவர்லயே கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் எடுங்க.

படி 8: சோலார், உண்மையிலேயே வேணுமா

முதுகுல உள்ளங்கை அளவுக்கு சோலார் ஒட்டின பவர் பேங்க் இருக்கே, அதை வாங்காதீங்க. அந்தச் சின்னப் பலகை நல்ல வெயில்ல ஒரு வாட், ஒன்றரை வாட் தரும். 74 வாட் அவர் நிரப்ப அம்பது மணி நேரத்துக்கு மேல உச்சி வெயில் வேணும், அதுக்காக பேட்டரியையே வெயில்ல வாட்டி எடுக்கணும்.

நாலு நாளுக்கு மேல, அதுவும் ஒரே இடத்துல தங்குறதா இருந்தா மட்டும் மடக்குற பேனல் யோசிக்கலாம், 20லருந்து 28 வாட் வரைக்கும். 20 வாட்னு போட்டிருந்தா 12லருந்து 14 எதிர்பாருங்க. மேகம் இல்லாத நாள்ல நாலு மணி நேரம் ஒழுங்கா பிடிச்சா 50 வாட் அவர், முக்கால் கணக்குப்படி கிட்டத்தட்ட ரெண்டு போனுக்கு. பேனலை சூரியனுக்கு நேரா நிமித்தி வைங்க, மணிக்கொரு தடவை திருப்புங்க. உள்ள செல்லெல்லாம் சங்கிலி மாதிரி கோத்திருக்கும், ஒரு ஓரத்துல கிளையோட நிழல் விழுந்தாலே மொத்தமும் சரிஞ்சிரும். பை பின்னாடி தொங்க விட்டுட்டு நடக்குறது போட்டோவுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

பேனல்ல நேரா போனைச் சொருகாதீங்க. மேகம் வரும்போதெல்லாம் கரண்ட் விட்டு விட்டு வரும், ஒவ்வொரு தடவையும் போன் திரையை ஏத்திக்கிட்டு முழிச்சுக்கும், வந்ததுல கொஞ்சம் அதுலயே போயிரும். பகல்ல பேனல்ல இருந்து பவர் பேங்க்குக்கு, ராத்திரி பவர் பேங்க்ல இருந்து போனுக்கு. பவர் பேங்க்கை பேனலோட நிழல்ல, பின்பக்கமா வெச்சுருங்க.

விமானத்துல போறதா இருந்தா

பவர் பேங்க் கையில கொண்டு போற பையில மட்டும்தான், செக்-இன் லக்கேஜ்ல போடவே கூடாது, உள்ள தீப்பிடிச்சா யாருக்கும் தெரியாது. 100 வாட் அவர் வரைக்கும் பொதுவா தனி அனுமதி வேணாம், அதாவது 3.7 வோல்ட்டுல 27000 எம்ஏஎச். 100லருந்து 160 வரைக்கும் விமானக் கம்பெனி அனுமதி வேணும், ரெண்டுக்கு மேல கூடாது. 160ஐத் தாண்டினா பயணிங்க எடுத்துட்டுப் போகவே முடியாது. எழுத்து அழிஞ்சுபோன பவர் பேங்க்கா இருந்தா செக்யூரிட்டியிலயே வாங்கி வெச்சுக்க வாய்ப்பிருக்கு. 2025 ஜனவரி 28ல தென்கொரியாவோட கிம்ஹே விமான நிலையத்துல ஏர் பூசான் விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சுச்சு, உள்ள இருந்தவங்க எல்லாரும் தப்பிச்சாங்க, காரணம் பவர் பேங்க்கா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. அதுக்கப்புறம் கெடுபிடி கூடிருச்சு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1லருந்து பறக்குறப்ப பவர் பேங்க் பயன்படுத்தவே விடுறதில்லை. டிக்கெட் போட்ட கம்பெனியோட இப்போதைய விதியை கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துருங்க.

வந்ததுக்கு அப்புறம்

பவர் பேங்க்கை ஃபுல்லா ஏத்தியும் வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க, பாதியில வெச்சு குளிர்ச்சியான காஞ்ச இடத்துல வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மேஜை மேல வெச்சுச் சுத்திப் பாத்தா ஆடுது, உறை பிளந்து நிக்குதுன்னா பேட்டரி வீங்கிருச்சு. அதுல சார்ஜ் ஏத்தாதீங்க, ஊசி வெச்சு காத்தை இறக்குறேன்னு ஆரம்பிக்காதீங்க, சாதாரண குப்பையிலயும் போடாம மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க. புகை வர ஆரம்பிச்சா ஆளுங்க தள்ளி நிக்கணும். தூரத்துல இருந்து ஊத்த முடிஞ்சா நிறையத் தண்ணி ஊத்துங்க, உள்ள இருக்குற சூடு அடங்கினாத்தான் பக்கத்து செல்லு பிடிக்காது.

கடைசியா ஒரு துண்டு காகித டேப்பை எடுத்து வாங்குன மாசம் வருஷத்தையும், படி 5ல வந்த நம்பரையும் எழுதி பவர் பேங்க் மேலயே ஒட்டுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணி புது நம்பரைக் கீழ எழுதுங்க. அந்த மலைக்கு வந்த அதே 20000 பவர் பேங்க் இன்னும் என்கிட்டதான் இருக்கு. மேல இருந்து கீழ 2.9, 2.7, 2.4னு மூணு நம்பர் இருக்கு, போன தடவை மூணு பேரு கிளம்பினப்ப அதைப் பாத்துட்டு கூட ஒரு 10000 எடுத்துப் போட்டுக்கிட்டேன்.